திருத்தாத செவி

‘நாய் பெற்ற தெங்கம்பழம்’ என்று நம் முன்னோர் ஒரு பழமொழி வழங்கினர். முழுத் தேங்காய் ஒன்று நாயின் வசப்பட்டால் அஃது அதனை என்ன செய்யும்? உடைத்துத் தின்ன அதற்கு வகை தெரியாது; பிறருக்கு விட்டுக்கொடுக்க மனமும் வராது. முற்றமெங்கும் உருட்டிக்கொண்டு திரியும். நல்ல பொருள் ஒன்று பயன்கொள்ளத் தெரியாதவன் கையிற் சேர்ந்தால் இப்பழமொழியை எடுத்துக்காட்டுவது வழக்கம். தமிழாசிரியனாகிய எனக்கு இது கைவந்த பிரயோகம். புத்தகத்தை வாங்கி, உறை போட்டு, பெயர் எழுதி, ஒரு பக்கமேனும் புரட்டாமல் வைத்திருக்கும் மாணவரைக் காணும்போதெல்லாம் இதனைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறேன். சென்ற வருடத்துடன் அதனைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கதை என் பிழையிலிருந்தே தொடங்குகிறது. எட்டாந்தர வகுப்பில் ஒரு நாள் உரைநடைப் பாடம். மாணவர் ஒவ்வொருவராக எழுந்து ஒரு பந்தியை உரத்து வாசிக்க வேண்டும். அந்தத் தவணையிற் புதிதாக வந்து சேர்ந்த மாணவன் ஒருவனின் முறை வந்தது. எழுந்தான், புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தான், வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. பத்து விநாடி சென்றது; இருபது விநாடியும் சென்றது. வகுப்புக் காத்திருந்தது. எனக்குத்தான் காத்திருக்கப் பொறுமை இல்லை. பாடத்தை வீட்டில் ஒரு தடவையேனும் பாராமல் வந்த சோம்பல் இதுவென்று நானே தீர்மானித்துக்கொண்டு, வழக்கமான அந்தப் பழமொழியை எடுத்து வீசினேன். வகுப்புச் சிரித்தது. பையன் உட்கார்ந்தான். அடுத்தவன் வாசித்தான், மணியும் அடித்தது. அந்தப் பிள்ளைக்குத் திக்குவாய் உண்டென்பதை நான் அறியவில்லை. அறிய முயலவில்லை என்று எழுதுவதே நேர்மை.

நான் வசிப்பது கொட்டாஞ்சேனையில். சனிக்கிழமைகளில் ஓய்வு கிடைத்தால் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குச் சென்று, கொழும்புத் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டு வருவது என் நெடுநாளைய பழக்கம். 1942-ஆம் ஆண்டில் தோன்றிய அச்சங்கத்தின் நூலகம், என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இரண்டாவது வீடு. அங்கிருந்து வெளியேறியதும், காலி வீதியைக் கடந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஏதேனும் ஒன்றில் நடந்து, புகையிரதப் பாதைக்கு அப்பால் அலைகளைச் சற்றே பார்த்துவிட்டுத் திரும்புவேன். முன்னர் மாமரமும் தென்னையும் முற்றமுமாக இருந்த அந்த ஒழுங்கைகள் இப்போது அடுக்குமாடிகளால் நிறைந்துவிட்டன. எனினும் இரண்டொரு பழைய ஓட்டு வீடுகள் அவற்றின் இடையே ஒதுங்கி நிற்கின்றன.

வகுப்பில் அப்படி நடந்து மூன்று வாரம் சென்றபின் ஒரு சனிக்கிழமை. பாதி வழியிற் பெருமழை பிடித்துக்கொண்டது. பழைய வீடு ஒன்றின் வாயிற் கூரையின் கீழ் ஒதுங்கினேன். உள்விறாந்தையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சிறுவன் ஒருவன் பஞ்சதந்திரக் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். வேகமில்லை, ஆனால் தடையுமில்லை. ஒரு சொல்லில் இடறினால் நின்று, மறுபடி அதனைப் பிடித்து, அமைதியாக மேலே சென்றான். சிங்கம் பேசும் இடத்திற் குரலைத் தாழ்த்தினான். முயல் பேசும் இடத்தில் உயர்த்தினான். நல்ல வாசிப்பு என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன். வாசித்தவன் என் மாணவன். அவனுடைய காலடியில், முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்தபடி, சாதாரண ஊர்நாய் ஒன்று படுத்திருந்தது. அதற்குத்தான் அவன் வாசித்துக்கொண்டிருந்தான்.

“ஏன் தம்பி மழைக்குள்ளை நிக்கிறியள்? உள்ளுக்கு வந்து இருங்கோ” என்று வீட்டுக்கார அம்மையார் அழைத்தார். எழுபதைக் கடந்தவர். பையன் நிமிர்ந்து பார்த்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். “சே… சே…” என்பதற்கு மேல் அவனாற் கூற முடியவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் சிங்கமும் முயலுமாகப் பேசிய நாவை என் முகம் கட்டிப்போட்டுவிட்டது. இருபது வருட ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகக் கடுமையான மதிப்பீட்டறிக்கை அதுவே. பெரிய பரிசோதகர் எவரும் எழுதாததை நாயின் பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளையின் முகம் எழுதிற்று.

அந்த வீட்டில் அன்று நடந்துகொண்டிருந்தது என்னவென்று பின்னரே விளங்கிற்று. அஃது ஒரு வாசகர் வட்டம். சனிக்கிழமை பிற்பகல்தோறும் ஐந்தாறு பேர் அங்கே கூடுகிறார்கள். பையன் நேரத்தோடு வந்துவிடுபவன். ஏனையோர் மழை விட்டபின் ஒருவர் பின் ஒருவராக, நாய்களுடன், வந்து சேர்ந்தார்கள். இந்த வட்டத்தை உண்டாக்கியவை நாய்களே என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். உண்மை அதுதான். அடுக்குமாடியில் ஒரே மின்னுயர்த்தியில் ஏறி இறங்குபவர்கள் ஐந்து வருடமாகியும் ஒருவரையொருவர் அறியார். ஆனால், காலையில் கடலோர வீதியில் நாயை நடத்திச் செல்பவர்கள் ஐந்தாம் நாளே நின்று பேசுகிறார்கள். சங்கிலிகள் சிக்கிக்கொள்ளும்போது பேசாமல் இருக்க முடியாதல்லவா? அப்போதுங்கூட மனிதரின் பெயர் எவருக்கும் தெரியாது. ‘ஜிம்மியின் ஐயா’, ‘ரைகரின் ஆச்சி’, ‘சீசரின் மாத்தயா’ என்பனவே நெடுநாள் வழங்கிய பெயர்கள். ஒரு நாள் ஜிம்மியின் ஐயாவின் கக்கத்தில் ஒரு புத்தகம் இருந்ததாம். ஆச்சி அதனை இரவல் கேட்டாராம். அவ்வளவுதான் தொடக்கம்.

ஜிம்மியின் ஐயா புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். பழந்தமிழ் நூல்களில் ஊறியவர். ஆச்சி ஓய்வுபெற்ற தாதி. சீசரின் சொந்தக்காரர் பக்கத்து வீட்டுச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், தட்டுத்தடுமாறி வாசிப்பார். கணக்காளராகிய ஓர் இளைஞரும் அவர் மனைவியும், சடை மண்டிய சின்னஞ்சிறு நாய் ஒன்றுடன் வருகிறார்கள். மேல்வீட்டுப் பிள்ளையாகிய என் மாணவன், நாய் இல்லாமலே சேர்ந்த முதல் அங்கத்தவன். அடுக்குமாடியில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. எனவே ரைகரை அவன் பங்காகக் கொண்டான். இவ்வட்டத்துக்குப் பெயரில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் எவருமில்லை. ஆகையால் இதுவரை இரண்டாகப் பிளவுபடவும் இல்லை. விதிகள் மூன்று மட்டுமே. நாய்களுக்கு வருடந்தோறும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு பக்கமேனும் உரத்து வாசிக்க வேண்டும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் திருத்தக்கூடாது.

மூன்றாவது விதி எனக்கு உறுத்திற்று. “உச்சரிப்புப் பிழை வந்தால்?” என்று கேட்டேன். “வாசிச்சு முடிய அவரே கேப்பார். கேட்டால் சொல்லுங்கோ” என்றார் ஆச்சி.

வாசித்தலும் கேட்டலும் நமக்குப் புதியன அல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடைபெறும் புராண படனத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கந்தபுராணத்தை இராகத்துடன் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரார் நிலத்திலிருந்து கேட்பார்கள். படித்தவருக்கு எவ்வளவு புண்ணியமோ அவ்வளவு கேட்டவருக்கும் உண்டென்பது நம்பிக்கை. கிராமந்தோறும் இருந்த வாசிகசாலைகளிலும் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, எழுத்தறியாத முதியோர் சூழ்ந்திருந்து கேட்டதுண்டு. வாசிப்பென்பது தனியே ஒரு மூலையிற் கண்ணால் மட்டும் செய்யும் காரியமாகச் சுருங்கியது பிற்காலத்திலேதான். அப்படிச் சுருங்கியபோது நாம் இழந்தது குரலை மட்டுமன்று. கேட்கும் செவியையும் இழந்தோம்.

அடுத்த சனிக்கிழமை ஜிம்மியின் ஐயா நாயைப் பற்றியே பேசினார். நம் மொழியில் நாய்க்குக் கிடைத்த வசவு கொஞ்சமன்று. வாலை நிமிர்த்த முடியாதென்றும், குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் பயனில்லையென்றும் சொல்லி வைத்திருக்கிறோம். மாணிக்கவாசக சுவாமிகள் இறைவன் முன்னிலையிற் தம்மைத் தாழ்த்திக்கொள்ளத் தேடி எடுத்த பெயரும் நாய்தான். ஆயினும் அதே தமிழில் நாலடியார் வேறொரு தீர்ப்பு வழங்குகிறது. யானை பெருமை உடையதாயினும் நெடுநாட் பழகிய பாகனையே கொல்லும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் அவனைக் கண்டு வாலை ஆட்டும். ஆதலால் நட்புக் கொள்வதாயின் நாயனையாரோடு கொள்க என்பது அதன் கருத்து. மகாபாரதத்தின் தொடக்கத்தில், வேள்விக் களத்தில் குற்றமின்றி அடிபட்ட ஒரு குட்டிக்காகச் சரமை என்னும் தாய்நாய் அரசகுமாரரிடம் நியாயம் கேட்கிறது. அதன் முடிவில், உடன்வந்தோர் அனைவரும் வீழ்ந்தபின் தருமரைப் பின்தொடர்ந்து ஒரு நாய் மாத்திரம் செல்கிறது. அதனைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகேன் என்று அவர் மறுத்து நின்றபோதே அது தருமதேவதை எனத் தெரிகிறது. “வழி நெடுக அந்த நாய் ஒரு வார்த்தை பேசினதாக வியாசர் எழுதயில்லை, மாஸ்டர். பின்னாலை வந்தது, அவ்வளவுதான்” என்று முடித்தார் அவர்.

எனது முறை வந்தபோது இலங்கையோடு தொடர்புடைய ஒருவரை எடுத்துக்கொண்டேன். 1904-ஆம் ஆண்டு டிசம்பரில் இருபத்துநான்கு வயதுடைய லெனர்ட் வுல்ஃப் என்னும் ஆங்கிலேய இளைஞர் சிவில் சேவை உத்தியோகத்தராகக் கொழும்பில் வந்து இறங்கினார். கேம்பிரிட்ஜில் திரினிற்றிக் கல்லூரியிற் கற்றபோது, 1899-ல் நண்பர் சிலருடன் சேர்ந்து ‘நள்ளிரவுச் சங்கம்’ என்று ஒரு வாசகர் வட்டம் நடத்தியவர் அவர். சனிக்கிழமை நள்ளிரவிற் கூடி நாடகங்களை உரத்து வாசிப்பது அதன் வேலை. அந்த வட்டத்தை விட்டுக் கடல் கடந்தபோது அவர் தம்முடன் கொண்டுவர விரும்பியவை இரண்டு: வால்ட்டேயரின் நூல்கள் தொண்ணூறு தொகுதிகள்; சார்ள்ஸ் என்று பெயரிட்ட ‘பொக்ஸ் ரெரியர்’ இன நாய். அவர் வந்த கப்பலில் நாய்க்கு இடமில்லை. அஃது இன்னொரு கப்பலில் வந்து சேர்ந்தது. 1905 ஜனவரியில் அவருக்கு யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை. பகலெல்லாம் கோவைகளும் மனுக்களும். பழைய வாழ்விலிருந்து எஞ்சி அவரோடு இருந்தவை அந்தப் புத்தகங்களும் அந்த நாயுமே. வட்டத்தின் குரலுக்குப் பதிலாக நண்பர் லிற்றன் ஸ்ட்ரேச்சிக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். அக்கடிதங்களை இன்று வாசிப்போர், அவற்றிலுள்ள தனிமையைக் கண்டு வருந்தாதிருக்க முடியாது.

கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றி, 1911-ல் விடுமுறையிற் சென்றவர் பதவிக்குத் திரும்பவில்லை. 1912-ல் பதவி துறந்து வேர்ஜீனியாவை மணந்தார். 1913-ல், அம்பாந்தோட்டைப் பகுதியின் வறிய விவசாயிகளைப் பற்றி அவர் எழுதிய நாவல் வெளிவந்தது. அதனை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980-ல் ‘பெத்தேகம’ என்று திரைப்படமாக்கினார். “நான் பார்த்தது, நான் பார்த்தது” என்று சீசரின் மாத்தயா மகிழ்ந்தார். கணவனும் மனைவியுமாக 1917-ல் தொடங்கிய ஹோகார்த் அச்சகம் புகழ்பெற்றது. அவ்வீட்டிலும் நாய்க்கு இடமிருந்தது. நண்பி ஒருவர் 1926-ல் அன்பளித்த ‘பிங்கா’ என்னும் நாயைப் பார்த்துப் பழகிய வேர்ஜீனியா வுல்ஃப், 1933-ல் ‘ஃப்ளஷ்’ என்ற நூலை வெளியிட்டார். நோயுற்று அறையில் அடைபட்டிருந்த கவிஞர் எலிசபெத் பரெட்டின் வாழ்வை, அவர் வளர்த்த நாயின் கண்களால் நோக்கி எழுதப்பட்ட நூல் அது. வாசிப்பும் நாயும் ஒரு வீட்டில் அடுத்தடுத்து வாழ்வது விநோதமன்று என்பதே நான் சொல்ல வந்தது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஓரிடத்தில் அமைதியாக இருக்கத் தெரிந்த ஒரு மனிதர்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் எப்படிச் சொன்னேன்? நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் ஆறு பேரின் நடுவிலும் தாழவில்லை. எழுதி வந்ததை வகுப்பில் வாசிப்பது போலவே முழங்கினேன். ஜிம்மி எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டது. சிறிய சடைநாய் நாற்காலியின் கீழ் ஒளித்தது. அப்போது என் மாணவன், அந்தக் கூட்டத்தில் என்னை நோக்கி முதன்முறையாக வாய் திறந்தான். “மெ… மெதுவா வாசியுங்கோ, சேர். ரை… ரைகருக்கு விளங்காது.” எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எவருக்கும் நோவில்லை. நானும் சிரித்தேன். என் வகுப்பில் அன்று எழுந்த சிரிப்புக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அப்போதுதான் உறைத்தது.

திக்குவாய் உடைய பலர் தனிமையிலும், சிறு குழந்தையிடமும், வளர்ப்புப் பிராணியிடமும் பேசும்போது தடையின்றிப் பேசுவர். பாடும்போதும், பலர் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் அவ்வாறே. அறிவுக் குறைவோ சோம்பலோ அதற்குக் காரணமன்று. அவசரப்படுத்தலும் கேலியும் அதனைப் பெருக்குகின்றன. 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளைகளை உரத்து வாசிக்கவைத்து அவர்களின் இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சாதுவான நாய் ஒன்று அறையில் இருந்தபோது அது குறைந்திருக்கக் கண்டார்கள். 1999-ல் அந்நாட்டு யூற்றா மாநிலத்துச் சோல்ற் லேக் நகரிற் பிள்ளைகள் நாய்களுக்கு வாசித்துக்காட்டும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவிற்று. பழக்கிய நாயும் அதன் சொந்தக்காரரும் நூலகத்தின் ஒரு மூலையிற் பாய்மேல் அமர்வார்கள். பிள்ளை அருகிருந்து சுமார் இருபது நிமிடம் வாசிக்கும். ஒரு சொல்லில் அது தடுமாறினால் சொந்தக்காரர் திருத்தமாட்டார். “இந்தச் சொல் என் நாய்க்கு விளங்கவில்லைப் போலிருக்கிறது, நீ கொஞ்சம் விளக்குவாயா?” என்று கேட்பார். பிள்ளை மாணவ நிலையிலிருந்து ஆசிரிய நிலைக்கு உயர்ந்துவிடும். எவ்வளவு நுட்பமான உபாயம்! ஆச்சி அந்தத் திட்டத்தைப் பற்றி ஒருபோதும் கேள்விப்பட்டவரல்லர். நோயாளிகளோடு கழித்த முப்பது வருடம் அவருக்கு அதே பாடத்தைக் கற்பித்திருந்தது.

நாய் எழுத்துக் கற்பிக்கும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இலக்கணமும் சொல்வளமும் தருவது ஆசிரியரும் நூலுமே. நாய் தருவது, பிழைவிட அஞ்சாத இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை நாம் தரத் தவறியதனாலேயே பிள்ளை நாயிடம் போகிறது.

ஆச்சியிடம் ஒருநாள், “இத்தனை விருப்பம் நாய்மேல் எப்படி வந்தது?” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. 1983 ஜூலையில் அந்த வீட்டின் முன்பகுதி எரிந்தது. கணவர் பல வருடமாகச் சேர்த்த புத்தக அலுமாரி அங்கேதான் இருந்தது. குடும்பத்தோடு அகதி முகாமுக்கு ஓடி, அங்கிருந்து கப்பலிற் காங்கேசன்துறைக்குப் போனார்கள். வளர்த்த நாயைக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. மூன்று மாதம் சென்றபின் கணவரும் அவரும் திரும்பி வந்து படலையைத் திறந்தபோது, கரி படிந்த படிக்கட்டில் நாய் படுத்திருந்தது. பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலாலே சோறு வைத்து வந்திருக்கிறார்கள். அப்போது பத்து வயதுச் சிறுவனாக இருந்து அந்தச் சோற்றைக் கொண்டுவந்து வைத்தவரே இன்று சீசரோடு வட்டத்துக்கு வரும் மாத்தயா.

“புத்தகம் எல்லாம் போச்சுது. நாய் நிண்டது” என்றார் ஆச்சி. “இவர் அண்டைக்குப் பின்னேரமே போய், எங்கையோ ஒரு பழைய புத்தகம் வாங்கிக்கொண்டு வந்தார். இருக்கக் கதிரை இல்லை. படியிலை இருந்து எனக்கும் நாய்க்குமா வாசிச்சார். அதுக்குப் பிறகுதான் எனக்கு இது வீடு எண்டு பட்டது.”

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சாம்பலான ஏறத்தாழ தொண்ணூற்றேழாயிரம் நூல்களுக்காக நாம் அழுதோம், இன்றும் அழுகிறோம். அவ்வழுகை நியாயமானது. ஆனால், எஞ்சிய ஒரு புத்தகத்தை எடுத்து அன்று மாலையே ஒருவருக்கு வாசித்துக்காட்டிய அந்த மனிதரை நான் நினைத்துக்கொள்கிறேன். நூல் மீண்டும் அச்சாகும். அலுமாரியும் மீண்டும் வாங்கலாம். வாசிப்பவனும் கேட்பவனும் அருகருகே இருக்கும் பழக்கம் ஒருமுறை அழிந்தால் அதனை எந்த அச்சகத்தில் அச்சிடுவது?

இனி என் கடன். வகுப்பறையிற் சொன்ன சொல்லை வீட்டு விறாந்தையில் மீட்க முடியாது. எங்கே சொன்னேனோ அங்கேயே மீட்க வேண்டும். அடுத்து வந்த திங்கட்கிழமை எட்டாந்தர வகுப்பில், பாடம் தொடங்குமுன் அதே பழமொழியைக் கரும்பலகையில் எழுதினேன். “சில வாரங்களுக்கு முன் இதனை நான் தவறான இடத்தில் வழங்கினேன். பழமொழியிற் பிழையில்லை, வழங்கியவனிடத்திலே பிழை. கையில் இருந்த தேங்காயை உடைக்கத் தெரியாமல் உருட்டியவன் நான்தான்” என்றேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமிருக்கவில்லை. பின்னர் அன்றைய பந்தியை வகுப்பு முழுவதையும் ஒரே குரலில் வாசிக்கச் சொன்னேன். அந்தப் பெருங்குரலுக்குள் அவன் குரலும் இருந்தது. நான் அதனைத் தனியே பிரித்துக் கேட்க முயன்றேன், முடியவில்லை. அதுவே மகிழ்ச்சியாயிற்று.

அவன் திக்கு முற்றாக நீங்கிவிட்டதென்று எழுதினாற் கதை இனிக்கும். ஆனால் அது பொய்யாகும். பெற்றோர் அவனைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டி வருகிறார்கள். சில நாள் நன்றாக வாசிக்கிறான். சில நாள் முதற் சொல்லிலேயே நின்றுவிடுகிறான். நிற்கும்போது வகுப்புக் காத்திருக்கிறது. இப்போது நானும் காத்திருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் நாய் இருந்தால், தடுப்பூசி போட்டுச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்; அரசாங்கம் நாய்களுக்கான ஊசியை இலவசமாகவே போடுகிறது. பிள்ளை அதனருகே இருந்து வாசிக்க ஆசைப்பட்டால், ‘பைத்தியக்காரத்தனம்’ என்று தடுக்காதீர்கள். நாய் இல்லாத வீட்டில் பாட்டி இருப்பார், பாட்டனார் இருப்பார். ஆச்சியைப் போல ஓர் அயலவரும் இருப்பார். அவரும் இல்லையென்றால் நீங்கள் இருக்கிறீர்கள். நாளுக்கு இருபது நிமிடம், கைத்தொலைபேசியை மறுபக்கம் வைத்துவிட்டு, பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். அது நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களோடு படிக்கும் ஒருவன் சொல்லுக்காகத் தவிக்கும்போது அச்சொல்லை அவனுக்காக நீங்கள் சொல்லிவிடாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். சொல் அவனுடையது. வரும்.

சென்ற சனிக்கிழமை ரைகர் கிழடு தட்டிவிட்டதாக ஆச்சி கவலைப்பட்டார். கண்ணிற் படலம் விழுந்திருக்கிறது, செவியும் மந்தம். “இனி இதுக்கு ஒண்டும் கேளாது” என்றார். பையன் புத்தகத்துடன் பாயை இழுத்து, நாயின் காதருகே மேலும் நெருங்கி இருந்துகொண்டு, வழக்கத்தைவிடச் சற்று உரத்து வாசிக்கத் தொடங்கினான். ரைகர் கண் திறக்கவில்லை. வால் மாத்திரம் இருமுறை நிலத்திற் தட்டிற்று.